கடைசி அடிக்கு அவர் வாய் திறந்ததில்லை

நம் வயதுக்காரர்கள் யாரும் அந்தப் பாட்டுக்காரரை மறந்திருக்க மாட்டீர்கள். கப்பல் வராமல் போர்ட் பிளேயரில் வெங்காயமே தீர்ந்துபோன வருஷம், 'வெங்காயம் இல்லாம சாம்பார் வெக்கலாம், வெள்ளக் கப்பல் வராம வீடு நடக்குமா' என்று உடுக்கையை அடித்துப் பாடி நம் அம்மாக்களைச் சிரிக்க வைத்தவர். காட்டில் மரம் வெட்டும் கூப்பில் யானை செத்தால் ஒரு சிந்து. முதலை ஆளை இழுத்தால் ஒரு சிந்து. புதுப் பாலம் விரிசல் விட்டால் இன்ஜினியர் பேரைச் சொல்லாமலே ஒரு சிந்து. நாட்டில் நடந்ததைக் கதைப்பாட்டாகக் கட்டி, அது ஆறுவதற்குள் கோயில் திடலில் பாடிவிடுவார். ரேடியோ செய்தி தப்பாகப் போனாலும் போகும், பாட்டுக்காரர் பாடினால் சரியாக இருக்கும் என்று அப்பாவே சொல்வார்.

அதற்குப் பிறகு கேசட் வந்தது, சிடி வந்தது, இப்போது என் மகன் செல்போனில் அவரை வைத்திருக்கிறான். எதில் வந்தாலும் ஜனங்கள் கேட்பது டுங்கிச் சிந்தைத்தான். டுங்கியை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எஞ்சின் வைத்த சின்னப் படகு, நாலு பேர் உட்கார்ந்தால் ஐந்தாவது ஆள் யோசிக்க வேண்டும். பாட்டுக்காரருக்குப் போன வருஷம் நடந்த பாராட்டு விழாவில் ஒரு பெரிய மனிதர் மைக்கைப் பிடித்துக்கொண்டு, "கடைசி அடியை மட்டும் தன் வாயால் பாடாமல் மக்களுக்கு விட்டுக்கொடுத்த மகா கலைஞன்" என்று முழங்கினார். எல்லோரும் கை தட்டினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பக்கத்தில் இருந்த என் சித்தி முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். அந்த டுங்கியில் போனவர் என் சித்தப்பா.

அப்போது நாங்கள் மரைன் ஹில் குவார்ட்டர்ஸில் இருந்தோம். தகரக் கூரை, மரச் சுவர், மழை பெய்தால் பேச்சே கேட்காது. அப்பா அரசாங்கப் பட்டறையில் ஸ்டோர் கிளார்க். அவரைப் பிடித்துக்கொண்டு ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்தவர் அவர் தம்பி, என் சித்தப்பா. ஆபீஸ் வேலை ஒத்துவரவில்லை என்று டுங்கி வாங்கி மீனுக்குப் போய்க்கொண்டிருந்தார். சித்தி கல்யாணமாகிக் கப்பலேறி வந்து ஒன்றரை வருஷம்கூட ஆகியிருக்காது. எனக்கு எட்டு வயது. சித்திக்கு இருபது தாண்டியிருந்தால் அதிகம். பெரியவர்களுக்குத் தெரியாமல் நாங்கள் இரண்டு பேரும் சமையலறைப் பின்பக்கம் பாண்டி ஆடுவோம். இதைச் சொன்னால் இன்றைக்கும் என் மருமகள் நம்புவதில்லை.

தீபாவளி முடிந்த கையோடு சித்தப்பாவும் அவரோடு கூட்டாளியாக இருந்த தெலுங்குக்காரப் பையனும் கடலுக்குப் போனார்கள். மத்தியானம் காற்று திரும்பியது. அதற்கப்புறம் அவர்கள் வரவில்லை. தேடினார்கள். பட்டறை லாஞ்ச் போயிற்று, மீன்காரர்கள் போனார்கள். நாலைந்து நாள் கழித்து வண்டூர் பக்கம் ஒரு பலகை ஒதுங்கியது. பச்சைப் பெயின்ட்டில் ஒரு வேல் வரைந்திருந்தது. டுங்கியின் முகப்பில் சித்தப்பா வரைந்த வேல் அது. வேலின் நுனி கோணல். அவர் வரைந்தபோது நான்தான் பெயின்ட் டப்பாவைத் தட்டிவிட்டேன்.

சித்தி பலகையை மடியில் வைத்துக்கொண்டு அந்தக் கோணலைத் தடவிப் பார்த்தாள். பிறகு அம்மாவிடம், "அக்கா, முடிஞ்சுபோச்சுக்கா" என்றாள். அம்மா அவள் வாயைப் பொத்தினாள். அப்பா, "பலகை உடைஞ்சா படகே போச்சுன்னு அர்த்தமா? மிச்சத்தைப் பிடிச்சிட்டு மிதந்துட்டுப் போயிருப்பான்" என்றார். அப்படி மிதந்துபோய் பர்மாவில் ஒதுங்கி, ஜெயிலில் இருந்து, வருஷக்கணக்கில் கழித்துத் திரும்பியவர்கள் கதை நம் எல்லோருக்கும் ஒன்றிரண்டு தெரியும். இல்லாததில்லை. அதுதான் வினையாகப் போயிற்று.

பலகையை அப்பா பரணில் போட்டார். குவார்ட்டர்ஸ் மாறும்போது அது எங்கே போனதென்று தெரியவில்லை. சித்தி ஒரு தடவை கேட்டாள். அப்பா, "எதைச் சொல்றே?" என்றார்.

பொங்கலுக்குக் கோயிலில் பாட்டுக்காரர் டுங்கிச் சிந்தை முதன்முதலாகப் பாடினார். நம் ஊரில்தான் ஐந்தரை மணிக்கே இருட்டிவிடுமே. கேஸ் லைட்டுகளை ஏற்றிவிட்டார்கள். ஈசல் மொய்க்கிறது. உடுக்கைச் சத்தம் வயிற்றுக்குள் கேட்கிறது. காற்று எழும்பியதைப் பாடினார். எஞ்சின் நின்றதைப் பாடினார். தெலுங்குப் பையன் தண்ணீர் இறைத்ததைப் பாடினார். பெண்கள் எல்லோரும் அழுதார்கள். கடைசியில் உடுக்கையை மெதுவாக்கி, 'கந்தன் கைப்பிடித்து அவர் கரை சேர்ந்தாரே' என்று முடித்தார்.

சித்தி அந்த அடியில்தான் உடைந்து அழுதாள். எங்கள் ஊர்ப்பக்கம் ஒருவர் போய்விட்டால் 'போயிட்டார்' என்றுகூடச் சொல்ல மாட்டார்கள், 'கரை சேர்ந்துட்டார்' என்பார்கள். பிறவிக் கடலைத் தாண்டிவிட்டாராம். அவளுக்கு அது புரிந்தது. ஒரு மனிதராவது வாய்விட்டுச் சொன்னாரே என்று இருந்ததாம். பிறகு என்னிடம் சொல்லியிருக்கிறாள்.

ஆனால் முன்வரிசையில் தெலுங்குப் பையனின் அம்மா உட்கார்ந்திருந்தார். அவருக்குத் தமிழ் அரைகுறை. பக்கத்தில் இருந்தவளைத் தோளில் தட்டி, "க்யா போலா? க்யா போலா?" என்று, பாட்டுக்காரர் என்ன சொன்னார் என்று கேட்டார். அவள் அப்படியே ஹிந்தியில் சொன்னாள்: "கினாரே பஹுஞ்ச் கயா."

தமிழில் அந்தச் சொல்லுக்கு இரண்டு அர்த்தம் இருந்தது. ஹிந்திக்குப் போனபோது, உயிரோடு கரைக்கு வந்துவிட்டான் என்கிற ஒன்றுதான் மிஞ்சியது. அந்தம்மா எழுந்து நின்று, தன் பிள்ளையைச் சொல்லி, "மேரா பேட்டா கினாரே பஹுஞ்ச் கயா!" என்று கத்திக்கொண்டு சன்னதிக்கு ஓடினார். வங்காளிகள், மலையாளிகள், ராஞ்சிக்காரர்கள் என்று வேடிக்கை பார்க்க வந்தவர்கள் அத்தனை பேருக்கும் ஹிந்தி புரியும். பாட்டுக்காரருக்கு எங்கிருந்தோ தகவல் வந்திருக்கிறது என்று ஆயிற்று. அழுதுகொண்டிருந்த சித்தியை, நல்ல சேதிக்கு அழாதே என்று அம்மா வாயைப் பொத்தி அடக்கினாள். மறுநாள் அபர்டீன் பஜாரில் அது பர்மா என்றானது. வாரக் கடைசியில் ஜெயிலின் பெயரையே சொன்னார்கள். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா?

தமிழ் தெரிந்தவர்களுக்கு என்ன கேடு என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டிருக்கிறேன். அப்பாவுக்குத் தெரியாதா அந்த வார்த்தை? தம்பி கரையேறிவிட்டான் என்று ஊரே சொல்லும்போது, இல்லை என்று சொல்கிற ஆளாக அவர் இருக்க விரும்பவில்லை. சித்தியின் நன்மைக்கென்று அவர் செய்தது பாதி அவருக்காகவே செய்தது என்று இப்போது தோன்றுகிறது.

அந்த இரண்டு மாதத்தில் பாட்டுக்காரரை வடக்கே ரங்கத் ஊருக்குக் கூப்பிட்டார்கள், டிக்லிபூருக்குக் கூப்பிட்டார்கள். போன இடமெல்லாம் டுங்கிச் சிந்துதான். கடைசி அடியைக் கூட்டமே சேர்ந்து பாட ஆரம்பித்தது.

பங்குனி பிறந்ததும் சித்தியின் அண்ணன் கப்பலில் வந்தார். தங்கச்சியைக் கையோடு கூட்டிப் போகத்தான் வந்தார். ஊரில் அவர்களுடைய முறைமாமன் ஒருவர், பள்ளிக்கூட வாத்தியார், சித்தியைக் கட்டிக்கொள்ளத் தயாராக இருந்தார். இவளுக்கும் சம்மதம். எல்லாம் ஒரே ஒரு இடத்தில் முட்டியது. சித்தப்பாவுக்குக் காரியம் செய்து முடிக்க வேண்டும். அதைச் செய்ய வேண்டியவர் அப்பா.

"உசிரோட இருக்கறவனுக்கு என்னை எள்ளும் தண்ணியும் இறைக்கச் சொல்றீங்களா மச்சான்?" என்றார் அப்பா.

"மச்சான், அவ சின்னப் பொண்ணு. கப்பல் திரும்புறதுக்குள்ள ஒரு முடிவு சொல்லுங்க."

"அவன் நாளைக்கு வந்து நின்னா நான் என்ன பதில் சொல்றது?"

சித்தி கதவுக்குப் பின்னால் நின்றாள். உள்ளே வந்த அம்மா அவள் நெற்றியில் குங்குமம் கலைந்திருப்பதைப் பார்த்துவிட்டு, கோபமாக, பெரிதாக ஒன்றை வைத்தாள். "அவனை நீயே கொன்னுடாதே" என்றாள். அம்மா கெட்டவள் இல்லை. அன்றைக்கு அவள் வைத்த பொட்டு இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது.

அடுத்த நாள் மார்க்கெட் போவதாகச் சொல்லிவிட்டுச் சித்தி என்னைக் கூட்டிக்கொண்டு கராச்சர்மா பஸ்ஸில் ஏறினாள். அப்போது கராச்சர்மா இப்படி மாடியும் கடையுமாக இல்லை. பாக்குத் தோப்பு, நடுவில் ஒற்றையடிப் பாதை. பாட்டுக்காரர் முண்டாசோடு உட்கார்ந்து பாக்கு உரித்துக்கொண்டிருந்தார். மேடையில் அவ்வளவு பெரிதாகத் தெரிந்தவர் கிட்டத்தில் ஒல்லியாக, சளி பிடித்த மூக்கோடு இருந்தார். எனக்கு ஏமாற்றமாகிவிட்டது.

சித்தி சுற்றி வளைக்கவில்லை. "அண்ணே, அவர் இருக்காரா இல்லையா? உங்களுக்குத் தகவல் ஏதும் வந்துச்சா?"

அவர் பாக்கைக் கீழே வைத்தார். "எனக்கு ஏது தாயி தகவல்? நான் சொன்னது பிறவிக் கடலை. இவுக மீன் பிடிக்கிற கடலா எடுத்துக்கிட்டாக."

"அப்ப ஏன் தெளிவாச் சொல்லலை?"

"சாமி முன்னாடி சாவுல முடிக்கக் கூடாது தாயி. மங்களமாத்தான் முடிக்கணும். என் வாத்தியார் சொன்னது. அதுக்குத்தான் அந்த வார்த்தை. எங்க மதுரைப் பக்கம் பச்சப்புள்ளைக்கும் வெளங்கும். இங்க கரைன்னா கரையாவுல்ல போச்சு."

"உத்திரத்தன்னைக்கு மாத்திப் பாடுங்க. மறுநாள் கப்பல்." அவர் எதிரில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "நீங்க சொன்னா ஊரு கேக்கும். நான் சொன்னா புருஷனைக் கொல்றேங்கறாங்க அண்ணே. எனக்கு அழக்கூட விடமாட்டேங்கறாங்க."

அவர் தொடையில் தாளம் போட்டார். பிறகு 'கண் மூடினாரே' என்று மெதுவாகப் பாடிப் பார்த்தார். தாளத்தில் உட்கார்ந்தது. "கந்தன் கையைப் பிடிச்சிருக்காருல்ல, அந்த மங்களம் போதும்" என்றார். உடுக்கையின் மேல் கையை வைத்து, "பாடுறேன் தாயி" என்றார். எனக்கு இரண்டு வெள்ளரிப் பிஞ்சு கொடுத்தார். பஸ்ஸில் சித்தி என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். தீபாவளிக்கு அப்புறம் அவள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

பங்குனி உத்திரத்துக்குக் காவடி, அலகு, மோர்ப்பந்தல் என்று திடலில் கால் வைக்க இடமில்லை. சூடமும் வியர்வையும் வேகவைத்த கடலையுமாக ஒரு வாசனை. சித்தி மூட்டை கட்டி வைத்துவிட்டுத்தான் வந்திருந்தாள். எனக்குத் தெரியும், தன் கண்ணாடி வளையல் நாலை எனக்கென்று தனியாக எடுத்து வைத்திருந்தாள். அப்பாவும் சித்தியின் அண்ணனும் ஆண்கள் பக்கம் நின்றார்கள். தெலுங்கம்மா முன்வரிசையில், மகனுக்கென்று ஒரு புதுச் சட்டையை மடியில் வைத்துக்கொண்டிருந்தார்.

பாட்டுக்காரர் டுங்கிச் சிந்தை எடுத்தார். காற்று, எஞ்சின், தண்ணீர் இறைப்பது. கடைசி அடி வந்தது. 'கந்தன் கைப்பிடித்து அவர்' என்று இழுத்து, சித்தியை நேராகப் பார்த்து, 'கண் மூடினாரே' என்று பாடினார்.

அவர் வாயசைவைப் பார்த்தது நானும் சித்தியும்தான், வேறு யாருக்கும் கேட்கவில்லை. திடல் முழுக்க ஒரே குரலாக 'கரை சேர்ந்தாரே' என்று பாடியது. மைக்குக்கு இருந்தது ஒரே ஒரு குழாய் ஸ்பீக்கர், ஜனமோ கடல். அவருடைய பின்பாட்டுக்காரரே கண்ணை மூடிக்கொண்டு பழைய அடியைத்தான் பாடினார். பாட்டுக்காரர் மறுபடி ஆரம்பித்தார். மறுபடி 'கண் மூடினாரே'. அவர் திரும்பப் பாடுவதை உற்சாகம் என்று எடுத்துக்கொண்டு ஜனங்கள் இன்னும் உரக்கப் பாடினார்கள், கை தட்டினார்கள். பின்பாட்டுக்காரர் மட்டும் ஏதோ உறைத்து அவர் பக்கம் குனிந்து, "அண்ணே, அடி தப்புது" என்று சிரித்தார்.

மூன்றாம் தடவை தெலுங்கம்மா எழுந்துவிட்டார். புதுச் சட்டையை இரண்டு கையிலும் உயர்த்திப் பிடித்துக்கொண்டு, தெரியாத தமிழில், 'கரை சேந்தாரே, கரை சேந்தாரே' என்று பாடிக்கொண்டே அழுதார். பாட்டுக்காரர் அந்தச் சட்டையைப் பார்த்தார். வாய் திறந்தபடி இருந்தது. பிறகு மூடிக்கொண்டார். கை மட்டும் உடுக்கையை அடித்துக்கொண்டிருந்தது. ஜனங்கள் பாடி முடித்தார்கள்.

பாட்டை நிறுத்திவிட்டு ஒரு வார்த்தை பேச்சில் சொல்லியிருக்கலாமே என்று நான் வருஷக்கணக்கில் அவரைத் திட்டியிருக்கிறேன். என் பிள்ளைகள் பெரியவர்களான பிறகு திட்டுவதை விட்டுவிட்டேன். அந்தச் சட்டைக்கு முன்னால் நின்று நானாவது சொல்லியிருப்பேனா?

அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்து, சித்தியின் அண்ணனிடம், "கேட்டீங்கல்ல மச்சான்?" என்றார். அவர் தலையை ஆட்டினார். வேறென்ன செய்வார்? சித்தி என்னை மடியிலிருந்து இறக்கிவிட்டு, புடவையைத் தட்டிக்கொண்டு எழுந்தாள். யாரோ அவளுக்குச் சுண்டல் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் ஹாடோ ஜெட்டியிலிருந்து கப்பல் புறப்பட்டபோது சங்குச் சத்தம் குவார்ட்டர்ஸ் வரைக்கும் கேட்டது. சித்தி மூட்டையைப் பிரித்துப் புடவைகளைப் பெட்டியில் திரும்ப அடுக்கிக்கொண்டிருந்தாள். வளையல் என்ன ஆனது என்று நான் கேட்கவில்லை.

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் உங்கள் கண் முன்னால் நடந்ததுதான். பாட்டுக்காரரின் புகழ் ஏறிக்கொண்டே போனது. கேம்பல் பே வரைக்கும் கப்பலில் கூட்டிப்போய்ப் பாட வைத்தார்கள். எந்த மேடையிலும் கடைசி அடிக்கு அவர் வாய் திறக்கவில்லை. 'கந்தன் கைப்பிடித்து அவர்' என்று நிறுத்தி, மைக்கை ஜனங்கள் பக்கம் நீட்டிவிடுவார். அது அவர் ஸ்டைல் என்றார்கள். பின்னால் வந்த பாட்டுக்காரப் பிள்ளைகளும் அப்படியே மைக்கை நீட்டினார்கள். தெலுங்கம்மா அந்தச் சட்டையோடேயே போய்ச் சேர்ந்தார்.

சித்தி சுமங்கலியாகவே வைக்கப்பட்டாள். ஊரில் யார் வீட்டுக் கல்யாணமானாலும் ஆரத்தி எடுக்க அவளை முதலில் கூப்பிடுவார்கள், கணவனைக் கடலே திருப்பிக் கொடுத்த ராசிக்காரியாம். திருப்பிக் கொடுத்த கணவன் எங்கே என்று ஒருவரும் கேட்டதில்லை. பிழைப்புக்கு அவள் கப்பல் சாப்பாடு கட்டிக் கொடுக்க ஆரம்பித்தாள். மெயின்லேண்ட் போகிறவர்களுக்கு, கப்பல் கேன்டீன் சோறு இறங்காதவர்களுக்கு, நாலு நாள் கெடாத புளியோதரை. எத்தனையோ பேரை அவள் சோறு சென்னைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. அவள் மட்டும் அந்தக் கப்பலில் காலை வைக்கவில்லை. அந்த வாத்தியாருக்கு அடுத்த தையிலேயே வேறு இடத்தில் கல்யாணம் ஆகிவிட்டது.

அப்பாவும் அம்மாவும் போன பிறகு சித்தி என்னோடு கராச்சர்மாவுக்கு வந்துவிட்டாள். அந்தப் பாக்குத் தோப்பு இருந்த இடத்துக்கு இரண்டு தெரு தள்ளித்தான் எங்கள் வீடு.

இந்த வருஷம் மழைக்கு முன்னால் பாட்டுக்காரர் ஒருநாள் கோலை ஊன்றிக்கொண்டு வாசலுக்கு வந்தார். தொண்டையில் கட்டி, சென்னையில் பார்க்கச் சொல்லிவிட்டார்கள். விமானம் பயம், கப்பலில்தான் போகிறாராம். அந்தப் பெரிய குரல் காற்றாகிவிட்டிருந்தது.

"தாயி, புளியோதரை வேணும்" என்றார்.

"கட்டித் தர்றேன் அண்ணே."

உட்கார்ந்தார். தண்ணீர் குடித்தார். "தாயி, அந்த அடி…" என்று ஆரம்பித்தார்.

"புளியை நல்லா காய்ச்சி ஊத்துறேன். நல்லெண்ணெய் கூடுதலா விடுறேன். தொண்டைக்கு உறைக்காம மிளகாயைக் குறைச்சிடுறேன்" என்றாள் சித்தி.

அவர் தலையாட்டிக்கொண்டார். வாழையிலையை வாட்டிப் பொட்டலம் கட்டிக் கொடுத்தாள். அவருடைய மகன் காசை நீட்டியபோது வாங்கவில்லை.

கப்பல் போன இரண்டாவது நாள் மத்தியானம் பழைய பின்பாட்டுக்காரர் போன் செய்தார். இப்போது அவரும் கிழவர்தான். என் மகன் எடுத்தான். பேசிவிட்டு, "பாட்டுக்காரர் கரை சேர்ந்துட்டாராம்" என்று உள்ளே பார்த்துச் சொன்னான். பிறகு அவனே, "அதெப்படி? கப்பல் சென்னை போய்ச் சேர இன்னும் ரெண்டு நாள் ஆகுமே?" என்றான்.

சித்தி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். முறத்தைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து கொல்லைப்பக்கம் போனாள். வாளியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. தலைக்கு ஊற்றிக்கொண்டாள். நான் பின்னாலேயே ஓடினேன். பாட்டுக்காரருக்காக மட்டும் அப்படி அழ முடியாது. தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டு, ஒரு சின்னப் பெண் அழுவதைப் போல வாய்விட்டு அழுதாள். பொங்கல் கூட்டத்தில் நடுவிலேயே நிறுத்தப்பட்ட அழுகை அது. வாயைப் பொத்துவதற்கு அம்மா இல்லை. நான் அழவிட்டேன்.

ஈரத் தலையோடு உள்ளே வந்து உட்கார்ந்தாள். நெற்றி வெறுமையாக இருந்தது. அந்த நெற்றியை நான் அப்படிப் பார்த்ததே இல்லை. அவள் என்னைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். துண்டை எடுத்து அவள் தலையைத் துவட்டினேன்.

என் மருமகள் நல்ல பெண். அவளுக்கு இந்தக் கதையெல்லாம் தெரியாது. டீ கொண்டுவந்து வைத்தவள், "அய்யோ, பொட்டு வைக்க மறந்துட்டீங்களே சின்னத்தை" என்று சொல்லி, கண்ணாடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கர் பொட்டு ஒன்றைப் பிய்த்துக்கொண்டு வந்தாள்.

நான் வாயைத் திறந்தேன். பிறகு மூடிக்கொண்டேன்.

சித்தி முகத்தைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினாள். மருமகள் அதை நடு நெற்றியில் வைத்து, விரலால் அழுத்தி ஒட்டினாள்.